பாட்டா, சண்டையா?

(கொட்டாம்பட்டியில் விவசாயத் தொழிலாளர்களும் மில் தொழிலாளர்களும் கூடிய பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் வாசகம்)



கூட்டம் துவங்குவதற்கு முன்னால் இங்கே ஒரு சிறு தகராறு நடந்தது. பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஒலிபெருக்கியில் வழக்கம்போல் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இரவு ஷிப்டு முடித்துத் தூங்காமல் வந்திருக்கும் மில் தம்பி ஒருவர் தம் செல்போனை நீட்டி, "அண்ணே, இதைக் கொஞ்சம் போடுங்க" என்றார். போட்டார்கள். முதலில் சட்டிமேளம் வந்தது. பிறகு பறை. அதற்கு மேலே, இரும்பை அரம் கொண்டு ராவுவதுபோல் கித்தார். அப்புறம் நாலைந்து குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நம் முகத்துக்கு நேரே விரல் நீட்டிக் கேள்வி கேட்டன. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். "ஏய் தம்பி, இது பாட்டா, சண்டையா?" என்றார். (சிரிப்பு)

கூலி உயர்வு பற்றிப் பேசுவதாக நோட்டீசில் போட்டிருக்கிறது. அதைப் பேச எங்களுக்குப் பின்னால் தோழர்கள் இருக்கிறார்கள். நாங்கள் பெரியவருடைய கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு உட்காருகிறோம். கூலி விஷயமும் அதற்குள்ளேயே வரும்.

அந்தப் பாட்டைப் பாடியவர்கள் யார்? அந்தக் குழுவுக்கு 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்று பெயர். ஜாதியற்றவர்களின் கூட்டு என்று அர்த்தம். இங்கிலீஷ் பெயராக இருக்கிறதே என்று முகம் சுளிக்க வேண்டாம். அதன் வேர் தமிழில் இருக்கிறது. அயோத்திதாசப் பண்டிதர் என்று ஒரு பெரியவர். 1845இல் பிறந்து 1914இல் மறைந்தவர். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று காலணா விலையில் ஒரு வாரப் பத்திரிகை துவக்கியவர். ஒதுக்கி வைக்கப்பட்ட மக்கள் தங்களைச் 'சாதி பேதமற்ற தமிழர்' என்றே சர்க்கார் கணக்கில் பதிய வேண்டும் என்று வாதாடியவர். அவர் வைத்த பெயரைத்தான் இந்தப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள்.

2017இல் சினிமா டைரக்டர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மா என்கிற இசைக்கலைஞரும் சேர்ந்து இதைத் துவக்கினார்கள். கானா பாடுகிறவர்கள், பறையும் சட்டியும் அடிக்கிறவர்கள், கித்தார் வாசிக்கிறவர்கள், ராப் என்று சொல்கிறார்களே, அந்தத் தாளப் பேச்சுப் பேசுகிறவர்கள் என்று பலரையும் வரவழைத்துக் கேட்டுப் பார்த்து 19 பேரைச் சேர்த்தார்கள். பம்பாய் தாராவித் தமிழ்ப் பிள்ளைகளும் அதில் உண்டு. 2018 ஜனவரி 6ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. ஆயிரக்கணக்கில் ஜனங்கள். மேடை ஏறியவர்கள் எல்லாரும் கோட்டும் சூட்டும் போட்டிருந்தார்கள். அந்தக் கோட்டைப் பற்றிக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறோம், மறந்துவிடாதீர்கள்.

கானா என்றால் என்ன? இழவு வீட்டுப் பாட்டு. வட சென்னைக் குடிசைப் பகுதிகளில் சாவு விழுந்தால் இரவெல்லாம் உட்கார்ந்து பாடுவார்கள். செத்தவருடைய பெயரைச் சொல்லி, அவர் இழுத்த ரிக்‌ஷாவைச் சொல்லி, அவர் பட்ட கடனைச் சொல்லி, இடையிடையே கேலியும் பேசிப் பாடுவார்கள். ஒப்பாரிச் சத்தத்தையும் மேளச் சத்தத்தையும் தாண்டிக் குரல் போக வேண்டும். ஆகவே தொண்டையைத் திறந்து கத்தித்தான் பாட வேண்டும். சபாக்களில் இதை யார் பாட்டென்று ஒப்புக்கொண்டார்கள்? மார்கழி மாதம் முழுக்க மயிலாப்பூரில் கச்சேரி நடக்கும். இந்தத் தொண்டைக்கு அங்கே இடம் கிடையாது. அந்தத் தொண்டையைத்தான் இவர்கள் நடு மேடையில் கொண்டுவந்து வைத்தார்கள். பின்னால் 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை' என்றே ஒரு விழாத் துவக்கியது. 2021இல் அது மதுரைக்கும் வந்தது.

சரி, கானா இருக்கட்டும், பறை இருக்கட்டும், இந்தக் கித்தார்க் கூச்சல் எதற்கு என்று கேட்பீர்கள். நம் தோழர்களிலேயே சிலர், "இது அமெரிக்கச் சரக்கு, ஏகாதிபத்தியக் கலாசாரம்" என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். ஒரு காலத்தில் நாங்களும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். தெரியாமல் சொன்னோம். விசாரித்துப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

அமெரிக்காவில் மிஸிஸிப்பி என்று ஒரு மாகாணம். பருத்திக் காடு. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட கறுப்பு மக்களின் பேரப்பிள்ளைகள் அங்கே வெள்ளைப் பண்ணையாரிடம் வாரத்துக்கு உழுதார்கள். அவர்களில் ஒருவர் மடி வாட்டர்ஸ். சேற்றுத் தண்ணீர் என்று அர்த்தம். சேற்றில் விளையாடுகிற பிள்ளை என்று பாட்டி வைத்த பெயர். நம் ஊரில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் பொருந்தும்! (சிரிப்பு) அவர் 1943இல் பண்ணையை விட்டுச் சிகாகோ நகரத்துக்கு ரயில் ஏறினார். பகலில் பாக்டரி வேலை, லாரி ஓட்டும் வேலை. இரவில் தொழிலாளர் குடிக்கிற கடைகளில் பாட்டு. அந்த இரைச்சலில் மரக் கித்தார் காதில் விழவில்லை. ஆகவே கரண்டுக் கித்தார் வாங்கினார். உலகமெங்கும் ஓடுகிற ராக் இசைக்கு அந்தச் சத்தம் ஒரு பெரிய ஊற்று. அது ஜமீன்தார் வீட்டில் பிறந்த சத்தமல்ல. பருத்திக் காட்டை விட்டு மில்லுக்குப் போனவன், தன் குரல் கேட்க வேண்டும் என்று உண்டாக்கிய சத்தம்.

மில் தோழர்களுக்கு இன்னொன்று. இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் என்று இரும்புப் பட்டறைகளின் ஊர். அங்கே டோனி அயோமி என்று 17 வயதுப் பையன். தகடு வெட்டும் மெஷினில் வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. அவனோ இடக்கையால் மீட்டி, வலக்கை விரலால் தந்தி அழுத்துகிறவன். எல்லாம் முடிந்தது என்று உட்கார்ந்திருந்தான். பாக்டரி மேஸ்திரி ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். நெருப்பில் கை வெந்து இரண்டே விரலால் வாசித்த ஒரு ஜிப்ஸிக் கலைஞருடையது. அதைக் கேட்டுப் பையன் எழுந்தான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டான். விரல் வலிக்காமல் இருக்க மெல்லிய தந்தி போட்டான், பின்னால் தந்தியைத் தளர்த்தவும் செய்தான். சத்தம் கனத்து, இறங்கி, பட்டறை உறுமுவதுபோல் வந்தது. 1968இல் அவனும் கூட்டாளிகளும் துவக்கிய 'பிளாக் ஸப்பாத்' குழுவிலிருந்துதான் 'ஹெவி மெட்டல்' என்கிற கன இசை பிறந்ததாகச் சொல்கிறார்கள். அந்தக் குழுவின் பாடகர் மாடு வெட்டும் கூடத்தில் வேலை பார்த்தவர். நூல் மெஷினில் விரலைக் கொடுத்தவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள். நஷ்ட ஈடு கேட்டு நடையாய் நடக்கிறீர்கள். அந்த வலிக்கு ஒரு சத்தம் இருந்தால் அது இனிமையாகவா இருக்கும்?

இப்போது பறைக்கு வருகிறோம். 1739இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் அடிமைகள் கலகம் செய்தார்கள். பறை கொட்டிக்கொண்டு ஆள் சேர்த்தார்கள். கலகத்தை நசுக்கிய பிறகு, 1740இல், எஜமானர்கள் சட்டம் போட்டார்கள். அடிமைகள் பறையும் கொம்பும் பெருஞ்சத்தம் எழுப்பும் வாத்தியம் எதுவும் வைத்திருக்கக் கூடாது என்று அதில் எழுதினார்கள். எஜமானனுக்குப் பறை என்றால் பயம். அங்கே பிடுங்கினான். நம் ஊரில் என்ன செய்தான்? பிடுங்கவில்லை. அவன் சாவுக்கும் அவன் சாமிக்கும் அடித்தே தீர வேண்டும் என்று கழுத்தில் மாட்டிவிட்டான். மாட்டுத்தோல் மேளம் வேண்டும், மாட்டைத் தின்றவன் தெருவுக்குள் வரக்கூடாது. இந்தக் குழு மாட்டுக்கறியைப் பற்றியே ஒரு பாட்டுப் பாடியது. இடஒதுக்கீட்டைப் பற்றி ஒன்று, சட்டமேதை அம்பேத்கரைப் பற்றி ஒன்று. எல்லாம் கேட்கிறவனைச் சீண்டுகிற பாட்டுக்கள்தான். சீண்டப்பட்டவன் யார் என்று பார்க்க வேண்டாமா?

கோட்டு விஷயம் சொல்வதாகச் சொன்னோம். நமக்குக் கிழக்கே அன்றைய ராமநாதபுரம் ஜில்லா. 1930 டிசம்பரில் அங்கே நிலமும் அதிகாரமும் உடையவர்கள் கூடி, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். தங்கமும் வெள்ளியும் அணியக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் உடுத்தக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது, செருப்பு மாட்டக்கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. 1931இல் எட்டுத் தடைகள் பதினொன்றாயின. 1931 ஜனத்தொகைக் கணக்கை நடத்திய ஹட்டன் என்கிற வெள்ளைக்கார அதிகாரி இதைத் தம் புத்தகத்தில் அப்படியே எழுதி வைத்திருக்கிறார்.

அந்தப் பதினொன்றில் இரண்டை மட்டும் சொல்கிறோம், கவனியுங்கள். ஒன்று, காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை மிராசுதாரிடம் வேலை செய்ய வேண்டும், கூலி ஆணுக்கு 4 அணா, பெண்ணுக்கு 2 அணா. இன்னொன்று, கல்யாணத்திலும் மற்ற விசேஷங்களிலும் மேளவாத்தியம் வைக்கக்கூடாது. இரண்டும் ஒரே காகிதத்தில்! பதினொரு மணி நேர வேலைக்கு நாலணா என்று எழுதிய அதே கை, மேளம் கூடாது என்றும் எழுதியது. ஏன்? தன் வீட்டுக் கல்யாணத்துக்குத் தானே மேளம் வைத்து நிமிர்ந்து நடப்பவன் நாளைக்கு நாலணா போதாது என்பான். இது மிராசுதாருக்குத் தெரிந்திருந்தது. நமக்குத்தான் தெரியவில்லை. பாட்டு வேறு, கூலி வேறு என்று நினைத்துக்கொண்டு நோட்டீஸ் அடிக்கிறோம். (கைதட்டல்)

அந்த மேடையில் 19 பேர் கோட்டுப் போட்டு நின்றது பகட்டுக்காக அல்ல என்பது இப்போது விளங்கும்.

அதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துப் பழங்கதை என்பீர்களா? இங்கே மேலூர் வட்டத்திலேயே மேலவளவு இருக்கிறது. ரிசர்வ் ஆன பஞ்சாயத்துக்குத் தலைவராக வந்த முருகேசனையும் இன்னும் ஆறு பேரையும் 1997 ஜூன் 30ஆம் தேதி பட்டப்பகலில் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். அந்த ரோட்டில் இன்றும் நாம் பஸ்ஸில் போய் வருகிறோம். அதற்குப் பக்கத்து ஊரில் உட்கார்ந்துகொண்டு, "பாட்டு ஏன் இவ்வளவு கோபமாக இருக்கிறது?" என்று கேட்டால் என்ன சொல்வது?

இன்னொரு ஆட்சேபணை. இது எங்களுக்கு ரொம்ப நெருங்கிய ஆட்சேபணை, மூத்த தோழர்களே சொல்வது. "ஜாதியைப் பற்றிப் பாடினால் தொழிலாளர் ஐக்கியம் குலையும். கூலியைப் பற்றிப் பாடுங்கள், எல்லாரும் சேர்வார்கள்" என்கிறார்கள். அந்தக் கானா பிறந்த பெரம்பூர், புளியந்தோப்பு வட்டாரத்துச் சரித்திரத்தையே பாருங்கள். அங்கே பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்கள் இருந்தன. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் அங்கேதான் பிறந்தது. 1921இல் பெரிய வேலைநிறுத்தம், மாதக்கணக்கில் நடந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குப் போனார்கள். மற்றவர்கள் அவர்கள் மேல் பாய்ந்தார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. கடைசியில் வேலைநிறுத்தம் தோற்றது. லாபம் யாருக்கு? கம்பெனிக்கு.

ஐக்கியத்தைக் குலைத்தது எந்தப் பாட்டு? ஒரு பாட்டும் இல்லை. தறிக்குப் பக்கத்தில் சேர்ந்து நின்றவன் தெருவுக்குப் போனதும் தள்ளி நின்றான். அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. வாய் திறக்காததால் வந்த வினை அது. அந்தத் தெருக்களின் பிள்ளைகள் கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து வாய் திறந்திருக்கிறார்கள். சத்தம் கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கும்.

குறையே இல்லையா என்றால், உண்டு. சினிமாக்காரர் கை வைத்த காரியம், சினிமா வெளிச்சம் அதன் மேல் அடித்துக்கொண்டே இருக்கிறது. வெளிச்சம் விலகினால் எவ்வளவு நிற்கும் என்ற கவலை எங்களுக்கு உண்டு. துவக்கத்தில் அந்த 19 பேரில் பெண் ஒருவர்தான், இசைவாணி. கானா என்றால் ஆண்பிள்ளைக் காரியம் என்று இருந்த இடத்தில் நுழைந்தவர். 2020இல் பி.பி.சி. வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. பெண்கள் கோயிலுக்குப் போகும் உரிமையை வைத்து அய்யப்பனை விளித்துப் பாடிய ஒரு பாட்டுக்காக, பாடிப் பல வருஷம் கழித்து, 2024 நவம்பரில் அவர் மேல் போலீஸில் புகார்கள் கொடுத்தார்கள், மிரட்டினார்கள். பாடியது கூட்டாக, மிரட்டல் மட்டும் அந்த ஒரு பெண்ணுக்கு. நடவு வயலில் குலவையிடும் தாய்மார்களே, இழவு வீட்டில் நீங்கள் கட்டும் ஒப்பாரியைவிடப் பெரிய பாட்டை நாங்கள் கேட்டதில்லை. ஆனால் நம் மேடையில் மைக்கைப் பிடித்துப் பாடும்படி உங்களை என்றைக்காவது அழைத்தோமா? குழுவைக் குறை சொல்ல நமக்கு எவ்வளவு யோக்கியதை என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் குழுவில் பாடிய அறிவு என்கிற அரக்கோணத்து வாலிபர் 2021இல் 'என்ஜாய் எஞ்சாமி' என்று ஒரு பாட்டு எழுதிப் பாடினார். உலகமெல்லாம் கேட்டது. அவர் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5 லட்சத்து 25 ஆயிரம் தோட்டத் தொழிலாளரை மூட்டை கட்டி இங்கே அனுப்ப முடிவு செய்தார்களே, அப்படித் திரும்பி வந்த ஜனங்களின் கதை. நிலத்தைத் திருத்தியவனுக்கு நிலம் இல்லை என்பதை அவர் சந்தோஷமான மெட்டில் வைத்தார். நம் பிள்ளைகள் கல்யாண வீட்டில் அதற்கு ஆடினார்கள். எத்தனை பேர் விஷயத்தைக் கேட்டார்கள் என்று தெரியவில்லை. உறுமினால் சண்டையா என்கிறோம், இனிமையாகச் சொன்னால் ஆடிவிட்டுப் போகிறோம். பாடுகிறவன் பாடு கஷ்டம்தான்.

பாட்டைக் கொண்டு போராடுவது நம் இயக்கத்துக்குப் புதிதா? அன்றைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராசன் ஆர்மோனியப் பெட்டியோடு வந்து நம் மேடைகளில் பாடினார். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலுக்கு மலையேறிப் போய்த் தோட்டத் தொழிலாளர் நடுவே பாடினார். அந்தக் குழுவில் தம்பியாகக் கூடப் போய் வாசித்தவர்தான் பின்னாளில் இளையராஜா. அன்று ஆர்மோனியம், இன்று கித்தார். கருவி மாறியதைப் பற்றி எங்களுக்கு விசாரமில்லை.

எங்களுக்கு விசாரமான விஷயம் வேறு. சொல்லிவிடுகிறோம். சுயவிமர்சனமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் நாம் ஒரு ஊரில் ஊர்வலம் நடத்தினோம். ஊர் பெயர் வேண்டாம். முன்னால் தப்புக் குழுவினர் ஆறு பேர். வெயிலில் மூன்று மைல் அடித்துக்கொண்டே ஆடிக்கொண்டே வந்தார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஜனங்கள் வாசலுக்கு வந்தார்கள், எங்கள் பேச்சைக் கேட்டு அல்ல. திடலுக்கு வந்தோம். நாங்கள் மேடை ஏறினோம். நாற்காலி போட்டிருந்தது, துண்டு போர்த்தினார்கள், சோடா கொடுத்தார்கள். தப்படித்தவர்கள் மேடைக்குப் பின்னால் வேலி ஓரத்தில் தப்புகளைச் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். ஜாதி ஒழிப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். நன்றாகத்தான் பேசினோம். இறங்கி வந்தபோது அவர்களில் வயதானவர் ஒருவர் கூலியை வாங்கிக்கொண்டு, சிரித்தபடியே, "தோழர், கோயில்ல அடிச்சாலும் வேலி ஓரம்தான், ஒங்க கூட்டத்துல அடிச்சாலும் வேலி ஓரம்தான். கோயில்ல வேட்டி குடுப்பாக" என்றார்.

எங்களுக்குப் பதில் வரவில்லை. அன்றிரவு பஸ்ஸில் திரும்பும்போதும் வரவில்லை. இந்தத் தம்பி செல்போனில் போட்ட பாட்டைக் கேட்கும்போது அந்தப் பெரியவர் சிரித்த சிரிப்புத்தான் ஞாபகம் வருகிறது. அவர் சிரித்துக்கொண்டு கேட்டதை இவர்கள் கித்தாரைப் பூட்டிக் கேட்கிறார்கள். ஆகவே பெரியவர் கேட்டதற்கு எங்கள் பதில், ஐயா, இது பாட்டுத்தான். சண்டையும்தான். சண்டையில் கொஞ்சம் நம்மோடும் உண்டு.

கடைசியாக ஒரு காரியம். இன்றைக்கும் தப்புக் குழுத் தோழர்கள் வந்திருக்கிறார்கள். அதோ, வேலி ஓரத்தில் வைக்கோலைக் கொளுத்தித் தப்புக் காய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள். மேடையில் எட்டு நாற்காலி இருக்கிறது, அவர்கள் ஏழு பேர். மேடையில் இருக்கும் தோழர்கள் தயவுசெய்து எழுந்து கீழே ஜமுக்காளத்துக்கு வாருங்கள், நாங்களும் வருகிறோம். எட்டாவது நாற்காலி கருங்காலக்குடியிலிருந்து வந்திருக்கும் தாயார் ஒருவருக்கு. நடவுப்பாட்டு ஒன்று பாடச் சம்மதித்திருக்கிறார். அந்த மில் தம்பி எங்கே? மைக்கைக் கொஞ்சம் இறக்கி வையப்பா, அம்மா உயரத்துக்கு. கூலிக் கோரிக்கையை விளக்க வேண்டிய தோழர் பாட்டு முடிந்த பிறகு பேசுவார்.

தப்புக் காய்ந்துவிட்டதாம், கை காட்டுகிறார்கள். நாங்கள் இறங்குகிறோம்.